வீடியோவில கூப்பிட்டது நானில்லை

வெள்ளிக்கிழமை உரம் வாங்க வட்டக்கச்சிச் சந்திக்குப் போனனான். வேலை அவ்வளவுதான்.

உரக்கடைக்காரர் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்.

"என்னண்ணை, கோவமோ?"

"வீடியோவில கூப்பிட்டா ஆர் வருவினம் தம்பி? வீட்டை வந்தெல்லோ சொல்லோணும்!"

போனைக் காட்டினார். அதில நான்! என்ர முகம், என்ர குரல். என்னட்ட இல்லாத கோட் சூட் வேற!

"ஞாயிறு மத்தியானம் எங்கட வீட்டில விருந்து. கிடாய் அடிக்கிறம். எல்லாரும் வாங்கோ!"

"ஐயோ அண்ணை, இது பொய்!"

எங்கட வீட்டில நிக்கிறது ஒரே ஒரு கிடாய். மகள் போத்தல் பால் குடுத்து வளர்த்தது. அதில கை வைச்சா அவள் என்னோட பிறகு கதைக்கமாட்டாள்.

கனடாவில இருக்கிற மச்சானுக்குக் கோல் எடுத்தன். இப்பிடிக் கூத்தெல்லாம் அவன்ர வேலைதான். விழுந்து விழுந்து சிரிச்சான்.

"ஏஐ அத்தான்! பகிடிக்குச் செய்து ஊராக்களுக்கு அனுப்பினனான்!"

பொலிசுக்குப் போனன்.

"இதுக்குச் சட்டம் இருக்கு," எண்டார் பொலிஸ்காரர். "உங்களைப் பற்றிக் கூடாத கதை ஏதும் சொல்லுதோ?"

"கிடாய் அடிக்கிறன் எண்டு சொல்லுது ஐயா."

"நல்ல விசயமெல்லோ. ஆருக்குப் பாதிப்பு?"

"கிடாய்க்கு!"

"கிடாயிட்ட முறைப்பாடு எடுக்கேலாது. பாதிப்பு நடந்தாப் பிறகு வாங்கோ."

சரியெண்டு நானே சைக்கிளில வீடு வீடாப் போய்ச் சொன்னன். அங்கதான் காரியம் பிழைச்சுது. எங்கட ஆக்களுக்குப் படியேறிச் சொன்னால்தானே அழைப்பு!

"அது நானில்லை மாமி. கம்ப்யூட்டர் செய்தது," எண்டன் முதல் வீட்டில.

"அந்த வீடியோவாலதான் எங்களுக்குக் கோவம். இப்ப நேர வந்திட்டியள்தானே! குடும்பத்தோட வாறம்."

"வரவேண்டாம் மாமி!"

"உங்கட இந்தப் பணிவுதான் தம்பி எனக்குப் பிடிச்சது."

இப்பிடியே முப்பது வீடு. முப்பதையும் முறைப்படி நானே அழைச்சு முடிச்சன்!

வீட்டை வந்து மனுசியிட்ட அழாக்குறையாச் சொன்னன்.

"சொன்னால் செய்யத்தானே வேணும்," எண்டா.

"சொன்னது நானில்லையப்பா!"

"முகம் உங்கடதானே?"

மகள் கிடாயைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டாள். ஞாயிறு சோறும் பருப்பும் பூசணிக்காயும்தான் சமைச்சம்.

சனம் திரண்டு வந்திட்டுது. பொலிஸ்காரரும் வந்தார், பாதிப்பு நடந்திட்டுதோ எண்டு பாக்க. இலையில பூசணிக்காயைக் கண்டதும் ஆள் எழும்பிட்டார்.

"வீடியோவில கிடாயெல்லோ? இப்ப பாதிப்பு இருக்கு! முறைப்பாட்டை எழுதுவம்!"

உரக்கடைக்காரர் மட்டும் வரேல்லை. இண்டைக்கும் என்னோட கதைக்கிறேல்லை.

வீடியோ பொய் எண்டு அவரின்ர வீட்டை வந்து நான் சொல்லேல்லையாம்.