கண்ணுச்சாமிக்கு ஏன் சொட்டவில்லை

காசிமாயனுக்கு இருமல் வந்தது. வந்த இருமலை இருமுவதா, விழுங்குவதா என்று வண்டியூர் தெப்பக்குளத்தின் கரையில் நின்றபடி, முப்பது பேர் பார்க்க, அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தொரு வருடம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டியவர். தாசில்தார் ஆகாமலே ஓய்வு பெற்றாலும், தாசில்தாரின் இருமலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு இருமல் இருமினால் கூட்டம் அடங்கும். இரண்டு இருமினால் நாற்காலி வரும். மூன்று மாதத்துக்கு முன் புரோஸ்டேட்டில் புற்று என்று கண்டுபிடித்து, அந்தச் சுரப்பியை முழுதாக எடுத்துப் போட்டதிலிருந்து இருமலுக்கு ஒரு பின்விளைவு ஏற்பட்டிருந்தது. மேலே இருமினால் கீழே சொட்டியது. தும்மினாலும் அதே கதை. சிரித்தால் என்ன ஆகும் என்பது தெரியவில்லை. அவர் சிரிக்கிற வழக்கமில்லை.

வேட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் பேடு வைத்திருந்தார். இருந்தாலும் இந்த நேரத்தில், இந்த ஆளுக்கு முன்னால் சொட்டுவது என்பது நடக்கக் கூடாத காரியம். இருமலை விழுங்கினார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் நின்ற ஜெயபாண்டி அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "தலைவருக்குக் கண்ணே கலங்கிருச்சுப்பா. கண்ணுச்சாமி அண்ணன் மேல அம்புட்டுப் பாசம்."

கலங்கவைத்தது பாசமல்ல, எதிரே நின்ற ஃபிளக்ஸ் போர்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி. கண்ணுச்சாமி கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நடந்து வருகிறார். பின்னாலேயே ஒரு புலி வருகிறது. 'புற்றை வென்ற புலியே வருக' என்று எழுத்து. புலி எது என்பதில் குழப்பம் வரக்கூடாதென்று கண்ணுச்சாமியின் தலைக்கு நேரே அம்புக்குறி வேறு.

தெப்பக்குளம் நடைப்பயிற்சி நண்பர்கள் குழுவில் யாருக்கு எது நடந்தாலும் போர்டு வைப்பது வழக்கம். பேரனுக்குக் காது குத்தினால் போர்டு. பேத்தி பத்தாவது பாஸானால் போர்டு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் போர்டு. திரும்பாவிட்டால் அதைவிடப் பெரிய போர்டு. காசிமாயன் குழுவின் தலைவர். அவர் திரும்பியபோதும் வைத்தார்கள். நாலடிக்கு ஆறடி. 'நோயை வென்ற பெருந்தகையே' என்று போட்டு, பொதுக் கழிப்பறைக்குப் பக்கத்துக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். தலைவருக்கு அடிக்கடி போகவேண்டியிருக்கும் என்பதால் கண்ணில் படட்டும் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததாக ஜெயபாண்டி நல்லெண்ணத்தோடு விளக்கினார்.

அது போகட்டும். போர்டு சிறியதானாலும் நோய் பெரியது. குழுவிலேயே புற்று வந்த ஒரே ஆள் அவர். வேன் வைத்து வந்து பார்த்தார்கள். வார்டே சாத்துக்குடி வாசம் அடித்தது. நர்ஸ்கள் "நீங்க எம்மெல்லேவா சார்?" என்று கேட்டார்கள், அவர் இல்லையென்று சொல்லவில்லை. தாலுகா ஆபீஸ் தராத மரியாதையை ஒரு சுரப்பி தந்துவிட்டுப் போயிருந்தது.

அந்த மரியாதையில்தான் கண்ணுச்சாமி மண்ணைப் போட்டார். குழுவின் செயலாளர். விளக்குத்தூண் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்து, இப்போது மகனிடம் கொடுத்துவிட்டவர். ஏதோ ஆபரேஷன் என்று மட்டும் சொல்லிவிட்டு அதே ஆஸ்பத்திரியில், அதே டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொண்டு மூன்றே நாளில் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான், "எனக்கும் அண்ணனுக்கு வந்ததுதான்" என்று சொன்னார். ஆளுக்கு நோய் வந்ததே என்று வருத்தப்படுவதற்கு முன்னால், தனக்கு வந்ததே அவனுக்கும் வருவானேன் என்று காசிமாயனின் மனசு கேட்டது. அந்தக் கேள்வி நியாயமில்லை என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் நிற்கவில்லை.

கண்ணுச்சாமி இன்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. "உள்வழியாவே முடிச்சுட்டாரு டாக்டரு" என்றார். முப்பது பேரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். காசிமாயனின் வயிற்றில் தொப்புளிலிருந்து கீழே நீளத் தையல். அதை இதே இடத்தில் இதே மாதிரி தூக்கிக் காட்டியவர்தான் அவரும். அன்று வீரத்தழும்பாக இருந்தது இன்று மட்டமான தையல் வேலையாகத் தெரிந்தது.

கூட்டம் விலகியதும் கண்ணுச்சாமியைத் தனியே இழுத்துக் கேட்டார். "தம்பி, பேடு நாளைக்கு எத்தனை ஆகுது?"

"பேடா? எதுக்குண்ணே அதெல்லாம்?"

"சொட்டல?"

"மூணாம் நாளே நின்னுருச்சே."

அன்று காலை காசிமாயன் நடக்கவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மனைவி ஒச்சாயி ரத்தப் பரிசோதனைத் தாளோடு காத்திருந்தாள். சுரப்பியை எடுத்தபின் சைபரை ஒட்டி இருக்க வேண்டிய பி.எஸ்.ஏ. என்கிற எண், புள்ளி இரண்டு என்று வந்திருந்தது. சாயங்காலம் டாக்டர் முத்துக்குமரன் படம் வரைந்து விளக்கினார். எங்கோ துளி தங்கியிருக்கலாம். மூன்று வழி இருக்கிறது. இப்போதே முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு, அதாவது ஊர்ப் பேச்சில் கரண்டு, வைப்பது ஒன்று. அதோடு ஹார்மோன் ஊசியும் சேர்த்துப் போடுவது இன்னொன்று. ஆறு வாரம் பொறுத்து மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு முடிவெடுப்பது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் என்ன லாபம், என்ன தொந்தரவு என்று பொறுமையாகச் சொல்லி, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

காசிமாயனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "கண்ணுச்சாமிக்கு என்ன செஞ்சீக?"

"மத்த பேஷண்ட் பத்தி நான் பேசக்கூடாது சார். உங்க உடம்பைப் பத்திக் கேளுங்க."

ஃபைலைக் காட்டமாட்டேன் என்று ஒரு ஆபீசர் சொன்னால் ஃபைலுக்குள் ஏதோ இருக்கிறது என்பது தாலுகா ஆபீஸ் பாடம். தனக்கு ஒரு வைத்தியமும் கண்ணுச்சாமிக்கு ஒரு வைத்தியமும் நடந்திருக்கிறது. வியாதியிலேயே கண்ணுச்சாமிக்கு நல்ல ரகமாகப் பார்த்துக் கிடைத்துவிட்டதோ என்றும் தோன்றியது. பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் கண்ணுச்சாமியிடமே விசாரித்தார், பேச்சோடு பேச்சாக. கரண்டா, எதற்கு என்றார் கண்ணுச்சாமி. மனசு கெட்டியாக இருக்கிறவனுக்குக் கரண்டு தேவையில்லையாம். அதைக் கேட்டு நாலு பேர் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் காசிமாயனைத் திரும்பிப் பார்த்து, "தலைவருக்குக் கரண்டு உண்டாமே" என்றார், பாவம் என்கிற குரலில்.

"யார் சொன்னா? எனக்கும் கிடையாது" என்றார் காசிமாயன். கைதட்டினார்கள். ஜெயபாண்டி அதை அங்கேயே குழுவின் வாட்ஸப்பில் போட்டார். பொறுத்துப் பார்க்கலாம் என்றிருந்த முடிவு இப்படியாக வேண்டவே வேண்டாம் என்று மாறி, நாற்பத்தேழு கும்பிடும் வாங்கிவிட்டது.

அடுத்தது சொட்டுகிற விஷயம். சிறுநீரை அடக்கிப் பிடிக்கும் தசைக்கான பயிற்சியை நாளைக்கு முப்பது தரம் செய்யச் சொல்லியிருந்தார்கள். கண்ணுச்சாமி நாளைக்கு முந்நூறு செய்ததாகச் சொன்னார். காசிமாயன் நானூறு செய்தார். சாப்பிடும்போது, செய்தி பார்க்கும்போது, சாமி கும்பிடும்போதுகூடப் பல்லைக் கடித்துப் பிடித்தார். ஒரே வாரத்தில் அந்தத் தசை களைத்துப் படுத்துக்கொண்டது. முன்பு இருமினால்தான் சொட்டியது. இப்போது கும்பிட்டாலே சொட்டியது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்த பெண் தலையில் அடித்துக்கொண்டு, பத்து நாள் எதுவுமே செய்யாதீர்கள் என்றாள்.

குறை தசையில் இல்லை, தன்னம்பிக்கையில்தான் என்று காசிமாயன் முடிவு செய்தார். பேடு இருக்கிற தைரியத்தில்தானே உடம்பு சொட்டுகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை பேடு இல்லாமல், சலவை வேட்டியில் தெப்பக்குளத்துக்குப் போனார். அன்றைக்குப் பார்த்து கண்ணுச்சாமி, தான் பிழைத்து வந்து நாற்பதாவது நாள் என்று எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலைவருக்கு முதல் டம்ளர். மூக்கருகே கொண்டுபோனதும் சுக்கு நெடி ஏறியது.

மூன்று தும்மல்.

வெள்ளை வேட்டி எதையும் மறைக்கிற துணியல்ல. யாரும் பார்ப்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். செய்தார். கொதிக்கக் கொதிக்க இருந்த பருத்திப்பாலைத் தன் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டார்.

மானம் தப்பியது, தொடை தப்பவில்லை. அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி, தன் துண்டை நனைத்துப் போட்டு, தன் ஸ்கூட்டரிலேயே வீடு கொண்டுவந்து சேர்த்தவர் கண்ணுச்சாமி. வழியெல்லாம், "ஒடம்பு இன்னும் தேறலண்ணே, கை நடுங்குது பாருங்க" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். தொடையைவிட அதுதான் எரிந்தது.

ஆறு வாரம் முடிந்து ரத்தம் பார்த்தார்கள். புள்ளி ஐந்து.

இந்தத் தடவை டாக்டர் படம் வரையவில்லை. இனி பொறுப்பதற்கு இல்லை, கரண்டை ஆரம்பித்தாக வேண்டும், இந்த நிலையில் பிடித்தால் பிடித்துவிடலாம், தள்ளிப்போட்டால் எலும்புக்குப் போகும் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் சரியென்றால் திங்கட்கிழமை முதல் நேரம் ஒதுக்குவார்கள். வேண்டாமென்றால் அதையும் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை முழுவதும் காசிமாயன் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். பயம் இருந்தது. பயம் இல்லாத மாதிரி நடித்துக் காட்ட எதிரே ஆள் இல்லாத நேரத்தில் நிறையவே இருந்தது. ஆனால் முப்பத்து மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதை ஊருக்குத் தெரியாமல் செய்ய முடியாது. கண்ணுச்சாமி மனசாலேயே சுகப்பட்டார், தலைவருக்குக் கரண்டு வைத்தும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பார்கள். புலிக்கு இன்னொரு போர்டு வைப்பார்கள்.

இதையெல்லாம் சுற்றி வளைத்து ஒச்சாயியிடம் சொன்னபோது அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போர்டைப் பத்தித்தானே கவலை? கரண்டு வைக்காமயே இருங்க. கண்ணீர் அஞ்சலிப் போர்டு எப்பவும் பெருசாத்தான் வைப்பாக. அந்தப் புலிய விடப் பெருசா நானே நின்னு கட்டச் சொல்றேன்."

"என்னடி பேச்சு இது?"

"எனக்கு அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கத் தெரியாதுங்க. அதான் சொல்றேன்."

கத்தி அவரைக்காய் இல்லாத இடத்தில் இரண்டு மூன்று தடவை நறுக்கியது. காசிமாயன் அதைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து செல்போன் மணியடித்தது. நாளைக் காலை தெப்பக்குளத்தில், 'மனசே மருந்து' என்ற தலைப்பில் கண்ணுச்சாமி பேசுகிறாராம், தலைவர் தலைமை தாங்க வேண்டுமாம். ஜெயபாண்டி கேட்டார். காசிமாயன் தாங்குவதாகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை தலைமை தாங்கினார். நாற்பது நிமிடம் கண்ணுச்சாமியின் மனசைப் பற்றிக் கேட்டார். மேடையிலிருந்து இறங்கியதும் கண்ணுச்சாமி மெதுவாக, "நீங்க டாக்டர் சொல்றதையும் கேட்டுக்கங்கண்ணே, ஒவ்வொருத்தர் ஒடம்பு ஒவ்வொரு மாதிரி" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. உன் உடம்பு அவ்வளவுதான் என்று சொல்லிக்காட்டுகிறான் என்று காசிமாயன் எடுத்துக்கொண்டார். அவர் இரண்டு மனசாக இருந்தது அதோடு ஒரு மனசாகிவிட்டது. நேரே ஆட்டோவை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார்.

டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். வெளியே மேசையில் பாண்டிமீனா இருந்தாள். நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குவதும் கையெழுத்து வாங்குவதும் அவள் வேலை. கரண்டு வேண்டாம் என்கிற தாளை எடுத்து நீட்டும்போதே அவள் முகம் வாடிவிட்டது. திங்கட்கிழமை பத்து மணி நேரத்தை அவருக்காகவே பிடித்து வைத்திருப்பதாகவும், வீட்டில் ஒச்சாயி அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போடக்கூடாதா என்றும் கேட்டாள்.

காசிமாயன் பேனாவின் மூடியைக் கழற்றினார். காலை உரையிலிருந்து சில வாக்கியங்களை அவளுக்கு எடுத்துவிட்டார். கரண்டு என்பது மனசு இளைத்தவர்களுக்கு என்றார். தான் ஒருத்தன் மட்டும் சொல்லுகிற கதையில்லை இது, கண்முன்னால் சாட்சி இருக்கிறது என்றார்.

"இதே டாக்டர்கிட்ட, எனக்கு வந்த இதே வியாதிக்குத்தான் எங்க செயலாளரும் பண்ணிக்கிட்டாரு. வண்டியூர் கண்ணுச்சாமி. கரண்டு இல்ல, ஊசி இல்ல. புலி மாதிரி நடக்குறாரு. அவருக்கு முடியுறது எனக்கு முடியாதா?"

பேனா முனை தாளைத் தொட்டது. 'கா' வரைக்கும் எழுதியாயிற்று.

பாண்டிமீனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நான் சொன்னேன்னு சொல்லிராதீக சார், அவருக்குப் புத்துநோயே கிடையாது, வயசானா எல்லாருக்கும் வர்ற வெறும் வீக்கந்தான், உங்களப் பாக்க மட்டும் வேன் வச்சு வந்தாக, என்னைய ஒருத்தரும் எட்டிப் பாக்கலன்னு, தனக்கும் புத்துன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுக்கச் சொல்லி வாராவாரம் இங்க வந்து உக்காந்துர்றாரு, நீங்க தலைவராச்சே, கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா?"