நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை

உலகம் தோன்றிய நாளிலிருந்து கோடானுகோடிக் கண்கள் திறந்து மூடியிருக்கின்றன. ஆனால் பார்ப்பதற்கென்றே படைக்கப்பட்ட கண்கள் ஒரே ஒரு ஜோடிதான். அவை பூதக்கண்ணாடியாருக்கு வாய்த்தன. பூதக்கண்ணாடியாரோ, பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாளுக்குக் கணவராக வாய்த்தார். இதைப் பாக்கியம் என்பதா, வேறு ஏதாவது சொல்வதா என்று அந்த அம்மாள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

அவர் சேகரிப்பவற்றைப் பொம்மைக் கார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னவர்கள் வீட்டுப் பக்கம் அவர் அப்புறம் தலைவைத்துப் படுத்ததில்லை. சொந்தத் தம்பி வீடும் அதில் சேர்த்தி. அவை 'சிற்றளவு வாகனங்கள்'. உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்து, அசல் காரை உள்ளங்கைக்குள் அடக்கிய அற்புதங்கள். அவற்றின் தரத்தையும் நுணுக்கத்தையும் அளந்து மதிப்பெண் போடும் சங்கத்துக்கு அவர் நிரந்தரத் தலைமை நடுவர். சக்கரத்தில் ஐந்து நட்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருக்கிறது என்று கண்டுபிடித்து ஓர் உறுப்பினரைக் கதறக் கதற அழவைத்தவர். அழுதவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இப்பேர்ப்பட்ட மேதையின் வீட்டில் கார் ஷெட் யாருக்குப் போக வேண்டும்? நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். பிரிக்காத பெட்டிகளில், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் பராமரிப்பில், சிற்றளவு வாகனங்கள் ஷெட்டுக்குள் சொகுசாகத் தூங்கின. 'பேரளவு வாகனம்', அதாவது குடும்பத்தின் ஒரே கார், வெளியே நின்று வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டது. அதன் பக்கத்து சீட் ஜன்னல் துருவேறிப் பாதியில் சிக்கிக்கொண்டது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. மழை பெய்தால், கணவர் ஓட்ட, அம்மாள் காருக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போவார். ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர், யாரோ பெரிய இடத்து ஆள் என்று நினைத்து சல்யூட் அடித்ததும் உண்டு.

அப்படி ஒரு மழை நாளில்தான் பேச்சு வந்தது.

"என்னங்க, வண்டிய ஷெட்டுக்குள்ள விட்டா என்ன?"

"எப்படி விடறது? அங்க வண்டிங்க இருக்கே!"

"இதுவும் வண்டிதாங்க."

"இதுவா?" அவர் ஸ்டியரிங்கை அன்றுதான் அறிமுகமானவர் போலப் பார்த்தார்.

அம்மாளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "நம்ம வண்டியத் தூக்கி மேசைமேல வெச்சாக்கூட உங்களுக்கு அடையாளம் தெரியாது."

"யாரப் பாத்து என்ன பேசுற? தெரியலன்னா அன்னிக்கே ஷெட்டக் காலி பண்ணித் தரேன். போதுமா?"

"போதும்."

அவர் அடுத்த திருப்பத்திலேயே அதை மறந்துவிட்டார். அம்மாள் மறக்கவில்லை. மழை நீர் முழங்கையில் வழிந்துகொண்டிருக்கும்போது கேட்ட வார்த்தை லேசில் மறக்காது.

தங்கள் காரின் சிற்றளவு வடிவம் ஒன்றைக் கடையில் வாங்கினார். வாங்கியதும் பெட்டியைப் பிரித்தார். சங்கத்தின் பார்வையில் இது கொலைக்கு ஒரு படி கீழே. சாப்பாட்டு இடைவேளைகளில், பல்லைக் குடையும் கருவியால் பின் கதவில் அசல் வண்டியில் இருந்த அதே ஒடுக்கைக் கொண்டுவந்தார். ஒரு சக்கரத்தின் மூடியைக் கழற்றி எறிந்தார். ஒரு விளக்கை மட்டும் புகையிலைப் பல் நிறத்துக்கு மஞ்சளாக்கினார். பக்கக் கண்ணாடியை உடைத்து டேப் சுற்றினார். ஜன்னலைப் பாதியில் நிறுத்தி, ஓரத்தில் துரு தீட்டினார். நம்பர் பிளேட்டும் எழுதியாயிற்று. பக்கத்து மேசையில் ஈறு வார்க்கும் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா! உங்க வண்டி!" என்றாள். அவள் அந்த வண்டியை வாசலில் இரண்டொரு தடவை பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

சங்கத்தின் போட்டி நாள். கொண்டுவந்தவர் யார் என்பது நடுவருக்குத் தெரியக்கூடாது என்பது சங்கத்தின் புனித விதி. அம்மாள் தன் வண்டியைக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கண்டுபிடித்துவிட்டால்கூடத் தேவலை, ஷெட் போனால் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆமாம், உள்ளூர அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்.

பூதக்கண்ணாடியார் வெள்ளைக் கையுறை மாட்டினார். லென்ஸைத் துடைத்தார். அரங்கம் மூச்சுவிட மறந்தது.

"அடக் கடவுளே!" என்றார்.

அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவ்வளவு மட்டமான தயாரிப்ப நான் பாத்ததே இல்ல. கதவு அமுங்கியிருக்கு. ரெண்டு விளக்கும் ரெண்டு கலரு. சக்கர மூடி ஒண்ணக் காணோம். இந்த நம்பர் பிளேட்டப் பாருங்க, வாய்க்கு வந்த நம்பரப் போட்டிருக்கான்!"

சங்கத் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவரும் குனிந்து பார்த்து 'த்சொ' கொட்டினார். "ஜன்னல் வேற பாதியில நிக்குதே."

"அதத்தான் சொல்ல வரேன். மழை பெஞ்சா உள்ள இருக்கறவங்க என்ன, குடையா பிடிப்பாங்க?"

அரங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இத ஒரு மனுஷன் கண்ணால பாத்துட்டே வெச்சிருந்தான்னா, அவன் மனுஷனே இல்ல! யாருய்யா இதுக்குச் சொந்தக்காரன்?"

அம்மாள் எழுந்தார். "நீங்கதாங்க. நம்ம வண்டி."

பூதக்கண்ணாடியார் வாதாடவில்லை. சாட்சியத்தை நம்புகிறவர். மேசைமேலிருந்ததையும் லென்ஸையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற காரிடம் போனார். சங்கமே பின்னால் போனது. ஒடுக்கை அளந்தார். டேப்பின் சுற்றுகளை எண்ணினார். தன் காரின் நம்பரை எழுத்துக்கூட்டிப் படித்தார். திரும்பியபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. அம்மாள் ஓரடி முன்னால் வந்தார்.

"தப்பு பண்ணிட்டேன்," என்றார்.

"பரவால்லங்க..."

"குறைன்னு நெனச்சதெல்லாம் குறையே இல்ல. எல்லாம் துல்லியம்! இந்தத் துரு பாரு, துரு! முதல் பரிசு இதுக்குத்தான்!"

கைத்தட்டல் ஓய அம்மாள் பொறுமையாகக் காத்திருந்தார். "ஷெட்டு?"

"எந்த ஷெட்டு?"

"அடையாளம் தெரியலன்னா காலி பண்ணித் தரேன்னீங்களே."

"இப்பத்தான் தெரிஞ்சிடுச்சே! அதோட, வண்டிய உள்ள விட்டு, ஜன்னலச் சரி பண்ணி... ஐயோ, ஒரு ஸ்க்ரூ மாறினாக்கூட மாடல் பொய்யாயிடுமே!"

தலைவர் அங்கேயே தீர்மானம் முன்மொழிந்தார்: 'மேற்படி பேரளவு வாகனம் இருந்தபடியே இருக்கவும், நனைந்தபடியே நனையவும் இச்சங்கம் ஏகமனதாக வேண்டுகிறது.' கைகள் உயர்ந்தன. அம்மாளின் கை மட்டும் கைப்பையைத் தேடியது.

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதரை," என்று அறிவித்தார் பூதக்கண்ணாடியார். சொந்த மனைவி என்பதற்காக விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்? "அரை மார்க்கு குறைக்கத்தான் வேணும். பக்கத்து சீட்டு காலியா இருக்கு. நம்ம வண்டியில அதுல நீ உக்காந்திருப்ப இல்ல?"

"அது குறையில்லைங்க," என்றார் அம்மாள். "இனிமே அதுதான் சரி."

அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருமுனையில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறினார். அக்கா வீடு அந்தத் தடத்தில்தான் இருந்தது. பஸ் கிளம்பிற்று.

பூதக்கண்ணாடியார் பதறவில்லை. வாய்ச்சொல்லை வைத்து மதிப்பெண்ணை மாற்றுகிறவர் அல்ல அவர். காரின் பாதி ஜன்னல் வழியே தலையை நுழைத்து, லென்ஸைப் பிடித்து, பக்கத்து சீட்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நிதானமாகப் பரிசோதித்தார். காலிதான். சந்தேகமே இல்லை.

உடனே வெளியே வந்து, அத்தனை பேர் முன்னிலையில், அந்த அரை மதிப்பெண்ணை மனைவிக்குத் திருப்பிக் கொடுத்தார். யாருக்கும் ஓர் அநியாயமும் செய்தறியாத மனிதர்.