வாங்க மாட்டேன் என்ற உபதேசியார்

தாதர் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் எல்லாரும் பெட்டியை இறக்கினார்கள். என் வீட்டுக்காரர் ஒரு தீர்மானத்தை இறக்கினார்.

"கிருபை, ஒண்ணு மனசுல வச்சுக்க. நாம இந்த ஊருக்குக் குடுக்க வந்திருக்கோம். வாங்க வரல. யார் வீட்டுல இருந்தும் ஒரு கரண்டி குழம்புகூட நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"சரி அத்தான். பெட்டி போவுது."

கூலிக்காரன் பெட்டியோடு பாதி தூரம் போயிருந்தான். தீர்மானத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

அவர் பெயர் ஞானசிகாமணி. நாசரேத் பக்கம் உபதேசியாராக இருந்தவர். தாராவியில் இருக்கிற நம் பக்கத்து ஜனங்களுக்கு ஊழியம் செய்ய எங்களை அனுப்பி வைத்தார்கள். எனக்கு அது சீமைக்குப் போகிற மாதிரிதான். கடைக்காரன் பேசினால் புரியாது. வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாது. இடுப்பில் கைப்பிள்ளை. நான் ஊரிலேயே நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். கோயிலில் ஆமென்கூட மனசுக்குள்தான் சொல்லுவேன்.

எங்களுக்கு ஒரே ஒரு அறை கிடைத்தது. இங்கே அதைக் கோலி என்கிறார்கள். தகரச் சுவர். பக்கத்து வீட்டில் தும்மினால் எங்கள் பிள்ளை விழித்துக்கொள்ளும்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான் பார்வதியம்மாள். அம்பாசமுத்திரம் பக்கம். புருஷனுக்குத் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை. நாங்கள் வந்த மறுநாள் ஒரு தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். வாளிக்கு முன்னால் வாசம் வந்தது.

என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிக்கணும்மா. நாங்க யார்கிட்டயும் எதுவும் வாங்கிச் சாப்பிடறதில்ல."

மூடியைக்கூடத் திறக்கவில்லை. அவள் குடும்பத்துக்காக ஒரு ஜெபம் மட்டும் செய்தார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"பாத்தியா, எவ்வளவு மரியாதையாச் சொன்னேன்?"

"பாத்தேன் அத்தான்." நான் பார்த்தது குழம்பு போகிறதைத்தான்.

அடுத்த நாள் விடிகாலை குழாயடிக்குப் போனேன். குடங்கள் வரிசையாக இருந்தன. நானும் என் குடத்தை வைத்தேன். பார்வதியம்மாள் தன் குடத்தைச் சாணளவு முன்னால் நகர்த்தினாள். எனக்குப் பின்னால் நின்ற அதே தெருக்காரி பேராச்சி தன் குடத்தைப் பின்னால் இழுத்தாள். நடுவில் என் குடம் தனியாக நின்றது.

ஏன் அக்கா நகத்துதீக என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. நாக்கிலேயே நின்றுவிட்டது.

பேராச்சி யாரையும் பார்க்காமல் சொன்னாள். "நம்ம குடம் பட்டா அந்தம்மா தண்ணியக் கீழ கொட்டணும்லா. எதுக்கு அவுகளுக்கு ரெட்ட வேல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரில் யார் வீட்டுத் தண்ணியை யார் குடிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன? ஆயிரம் மைல் தாண்டி வந்து, அதே காரியத்தை நாங்கள் கை கூப்பிச் செய்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து சொல்லப் பார்த்தேன்.

"அத்தான், நேத்து அந்தக் குழம்ப..."

"இன்னும் ஒனக்குக் குழம்பு நெனப்பு போகலையா?"

வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. நானும் பிள்ளையும்தான் சபை. பிள்ளை தூங்கினால் பாதிச் சபை தூங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த ஞாயிறும் அப்படியே. ஜெபம் போதவில்லை என்று அவர் உபவாசம் இருந்தார். எங்கள் வீட்டில் தினமும் ரேஷன் கோதுமையும் பருப்பும்தான். அதனால் உபவாசத்துக்கும் சாப்பாட்டுக்கும் ரொம்ப வித்தியாசம் தெரியவில்லை.

எனக்குக் கூட்டம்கூடப் பெரிசில்லை. பகல் முழுக்கப் பேச ஒரு ஆள் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. இது பல் காய்ச்சலா, வேற காய்ச்சலா என்று கேட்கக்கூட ஒரு பொம்பளை இல்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் பார்வதியம்மாள் இருக்கிறாள். நான் அழுதால் அவளுக்குக் கேட்கும். கேட்டும் வர மாட்டாள். ஏன் வரவேண்டும்?

எனக்குப் பேச வராது. சமைக்க வரும். ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியை உடைத்துப் புட்டு அவித்தேன். ஒரு எனாமல் கிண்ணத்தில் வைத்து மூடினேன்.

"எங்க கொண்டு போற?"

"குடுக்கதுக்கு அத்தான். குடுக்கத்தானே வந்திருக்கோம்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "போ, போ. நெறையக் குடு."

பார்வதியம்மாள் வாசலில் உட்கார்ந்து கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவே இல்லை.

"என்னம்மா, எங்க கை பட்டது ஒங்களுக்கு ஆகாது. ஒங்க கை பட்டத மட்டும் நாங்க திங்கணுமாக்கும்?"

பதில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அவள் வாசற்படியில் பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டேன்.

"தாகமா இருக்கு அக்கா. கொஞ்சம் தண்ணி தாங்க."

முறம் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய்ச் செம்பில் மொண்டு வந்தாள். நான் அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்துக் குடித்தேன். மிச்சத்தைப் பிள்ளைக்குப் புகட்டினேன். அது பாதியை மேலெல்லாம் கொட்டிக்கொண்டது.

"ஏளா, பிள்ளைய இப்பிடியா நனைப்ப? குடு இங்க."

பிடுங்காத குறையாகப் பிள்ளையை வாங்கினாள். முந்தானையால் துடைத்தாள். ஈறைத் தடவிப் பார்த்தாள். "பல்லுதான். பயப்படாத." கொஞ்ச நேரம் கழித்து, பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்: "கை பட்டாத் தீட்டுங்கிற அந்த நோவுக்குப் பயந்துதான் ஊர விட்டு வந்தோம். அதுவும் டிக்கெட் எடுத்துப் பின்னாலயே வந்துட்டோன்னு நெனச்சேன்."

சாயங்காலம் கிண்ணம் திரும்பி வந்தது. நிறையக் கருவாட்டுக் குழம்பு.

"இது என்ன?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கிண்ணம் அத்தான்."

"கிண்ணம் தெரியுது. உள்ள?"

"உள்ள இருக்கது அவுகளுது. கிண்ணம் நம்மளுது."

"வாங்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"நம்ம கிண்ணத்த நாமளே வாங்காட்டா எப்பிடி?"

"குழம்பத் திருப்பிக் குடுத்துட்டுக் கிண்ணத்த மட்டும் கொண்டா."

"வெறுங்கிண்ணமா யார் அத்தான் குடுப்பா? வேற ஏதாவது போட்டுத்தான் அனுப்புவாக. மீனாக்கூட இருக்கும்."

அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எங்கள் கோலியில் நாலு எட்டுக்கு மேல் நடக்க முடியாது. ஆனாலும் யோசனை பிறந்துவிட்டது.

"இனிமே எதக் குடுத்தாலும் பேப்பர்ல பொதிஞ்சு குடு. பாத்திரம் போனாத்தானே திரும்பி வரும்?"

தாராவி முழுவதையும் சபையில் சேர்த்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம் அவருக்கு. குழம்பை நான் சாப்பிட்டேன். அவர் வாய் பருப்பைச் சாப்பிட்டது. கண் என் தட்டில் சாப்பிட்டது.

மறுநாள் நான் மிளகு ரசம் வைத்தேன்.

"எதிர் வீட்டு ஆபிதாவுக்குச் சளி. கொஞ்சம் ரசம் குடுக்கணும். பேப்பர்ல பொதியட்டுமா அத்தான்?"

அவர் என்னைப் பார்த்தார். ரசத்தைப் பார்த்தார். கிண்ணம் போனது. இடியாப்பமும் தேங்காய்ப் பாலுமாகத் திரும்பி வந்தது.

"அப்ப இனிமே யாருக்கும் ஒண்ணும் குடுக்காத."

"அப்ப நாம எதுக்கு அத்தான் இங்க வந்தோம்?"

மடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குடங்கள் நகர்ந்ததை, பேராச்சி சொன்னதை, செம்பில் வாய் வைத்துக் குடித்ததை. கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவ்வளவு நீளமாகப் பேசினதில்லை.

அவர் தலை நிமிரவில்லை.

"நான் அதத் தாழ்மைன்னு நெனச்சேன் கிருபை."

"தெரியும் அத்தான்."

"கை நீட்டி வாங்க வெக்கம். அதுக்குத்தான் அந்தப் பேர் வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளை ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு பார்வதியம்மாள் வாசலில் போய் நின்றார். நான் எங்கள் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. இன்னைக்கு ஏதாவது இருந்தா எனக்குக் கொஞ்சம் குடுங்க."

பார்வதியம்மாள் அவரை உடனே உள்ளே விடவில்லை. கொஞ்சம் நிற்க வைத்தாள். பிறகு, "கையக் கழுவிட்டு வாருங்க ஐயா" என்றாள். போதும் போதும் என்கிற சத்தம் தகரம் வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் போடுகிற சத்தமும் கேட்டது.

ஏப்பத்தோடு வெளியே வந்தால் பேராச்சி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

"அங்க மட்டுந்தான் கை நனைப்பீகளோ? ஐயா கண்ணுக்கு எங்க கோலி தெரியலையா?"

அவர் என்ன செய்வார்? போனார். அங்கிருந்து வந்தால் ஆபிதாவின் புருஷன் ரஹ்மத்துல்லா வழியை மறித்து நின்றார். "காய்கு, ஏன் உபதேசியாரே, நம்ம வீடு மட்டும் என்ன குத்தம் செஞ்சுச்சு?" தெருவே வாசலில் நின்று பார்த்தது. இனி எந்த வீட்டைத் தாண்டினாலும் அந்த வீட்டுக்கு அவமானம். அவர் ஒரு வீட்டையும் தாண்டவில்லை.

வீடு வந்து சேரும்போது நிறைமாசக்காரி மாதிரி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். முகம் மட்டும் என்னவோ பிரகாசமாக இருந்தது.

"சாயங்காலம் கூட்டத்துக்கு எல்லாரும் வாராகளாம் கிருபை."

"சந்தோஷம் அத்தான். உக்காருங்க."

தட்டில் சோறும் பருப்பும் வைத்திருந்தேன். பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"ஒரு பருக்கைக்கு இடமில்ல கிருபை."

"பரவால்ல அத்தான். தெரு பூரா வாங்கிச் சாப்பிட்டீக. என் கையால மட்டும் வேண்டாம்னா, எடுத்து வச்சிருதேன்."

அவர் வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தார்.

"கொஞ்சமா வை" என்றார்.

நான் கொஞ்சமாக வைக்கவில்லை.