பந்தக்காரம்மாவின் ஊற்று

தாகத்தோடு வந்தவனை நிறுத்தி வைத்து, விசாரணை முடித்து, அப்புறம் தண்ணீர் கொடுத்த மனுஷி உலகத்திலேயே ஒருத்திதான். அவள் எங்கள் பந்தக்காரம்மா.

போடிமெட்டுக்கு ஏறும் பாதையில், பாதி மலையில், ஓர் ஊற்றுக்குப் பக்கத்தில் ஓலைப் பந்தல் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஏலத்தோட்டத்துக்குப் போகிற யாரும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். எந்த ஊர், அந்த ஊர்த் தண்ணீர் எப்படி என்று கேட்பாள். பதில் சொன்னால்தான் தண்ணீர் மொண்ட சிரட்டை கைக்கு வரும். சிலமலை ஊர்க்காரர் ஒருவர் தங்கள் கிணறு உப்பு என்று சொல்லிவிட்டார். வளர்த்த தண்ணீரைப் பழிக்கிறாயா என்று திட்டினாள். அடுத்த தடவை தேன் என்றார். பொய் சொல்கிறாயா என்று அதற்கும் திட்டினாள். எல்லாச் சாதிக்கும் ஒரே சிரட்டை. முகம் சுளித்தவர்களை, மேலே போய் மேகத்தை நக்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவாள்.

நான் அப்போது மலைமேல் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. புதிதாக வந்த துரைக்குக் காப்பிச் செடி வைக்க இடம் போதவில்லை. ஊற்றுக்கு மேலே இருந்த சோலையை வெட்ட ஆள் பேசிவிட்டார். சோலை போனால் ஊற்றும் போய்விடும் என்று மலைக்காரர்கள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு இடம் பார்க்க வந்தவர், வெயில் தாங்காமல் பந்தலில் போய்க் கையை நீட்டினார்.

பந்தக்காரம்மா சிரட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"தொரை ஊர்த் தண்ணி எப்படின்னு கேளப்பு."

வேறு வழியில்லாமல் கேட்டேன். துரை முறைத்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேச ஆரம்பித்தார். அவர் ஊரிலும் ஓர் ஊற்று உண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை ஊரே கூடி அதைப் பூவால் அலங்கரிக்குமாம். பாதிரியார் வந்து ஜெபம் செய்வாராம். அவருடைய அம்மாதான் முதலில் பூக்கூடையோடு கிளம்புவாளாம். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிவிட்டது.

நான் தமிழில் சொன்னதும், "நாம பொங்க வைக்கிறோம், அவுக பூ வைக்கிறாக, அம்புட்டுத்தானே" என்று சிரட்டை நிறைய மொண்டு கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இப்ப அவுக ஆத்தாவுக்கு ஒரு காயிதம் போடச் சொல்லு. ஊத்துக்கு மேல நிக்கிற மரத்த வெட்டப் போறேன்னு."

அதையும் சொன்னேன். என் வேலை அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். துரை தொப்பியை மாட்டிக்கொண்டு குதிரை ஏறினார். மறுநாள் வெட்ட வந்த ஆட்களை வேறு சரிவுக்கு அனுப்பச் சொன்னார்.

அந்தக் கோடையில் ஊற்று வற்றவில்லை. ஒரு நாள் பந்தக்காரம்மா குடம் நிறைய மொண்டு, துரை பங்களாவுக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம் நீட்டினாள். கூலியாளிடம் கொடுக்கலாமே என்றேன்.

"அவன் சிந்திருவான். நீ எம்புள்ள மாதிரி. பாத்துப் போ."

தலைப்பாகையைச் சும்மாடாகச் சுருட்டி, கோட்டுப் போட்ட கணக்கப்பிள்ளை நான், தலையில் குடத்தோடு மலை ஏறினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.