நல்ல வெளிச்சத்தில் ஒரு லாரி

உலக சினிமாவின் வரலாற்றை யார் எழுதினாலும் கள்ளக்குறிச்சிக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். இல்லாவிட்டால் அது வரலாறே அல்ல. ஏனெனில் கூட்டுறவுச் சங்க எழுத்தர் தீனதயாளன் அங்கேதான் குடியிருந்தார்.

படம் பார்ப்பவர்கள் ஊரில் ஆயிரம் பேர் உண்டு. 'காட்சி' பார்ப்பவர் அவர் ஒருவரே. கதையைப் பாமரர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அவருக்கு மேகத்தில் அரண்மனை மிதக்க வேண்டும். கதாநாயகியின் முந்தானை ஆறாக ஓட வேண்டும். வில்லன் சாகும்போது வானம் ஊதா நிறமாக வேண்டும். அப்படி ஒரு படம் வந்தால் மறுநாளே உர விண்ணப்பப் படிவங்களின் பின்பக்கத்தில் 'மனப்பதிவுகள்' எழுதுவார். அதை முழுசாகக் கேட்ட விவசாயிக்கே யூரியா.

"அந்தப் பொண்ணு கடைசில இன்னா ஆனா?" என்று மனைவி அம்சவள்ளி ஒருமுறை கேட்டாள்.

"செத்துட்டா. ஆனா லைட்டிங்கு இன்னா மாதிரி தெரியுமா!"

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். சாலையோரப் புளியமரங்கள் குறுக்கே சாய்ந்தன. பஸ் ஓடவில்லை, படப்பெட்டியும் வரவில்லை. காட்சிப் பஞ்சத்தில் வாடிய தீனதயாளன், மூன்றாம் நாள் காலை, கச்சிராயபாளையம் சாலையில் இருந்த சங்கக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏறி நின்றார்.

கீழே கரும்பு வெட்டும் கொளஞ்சியப்பன் நாற்பது பேரோடு நடுரோட்டில் உட்கார்ந்திருந்தான். மலைப் பக்கமிருந்து ஒரு நெல் லாரி வந்தது. சாய்ந்த மரத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே இருந்த சந்தில் புகுந்து கூட்டத்துக்குள் பாய்ந்தது. மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். கொளஞ்சியப்பனின் கால்கள் சக்கரத்தில் மாட்டின. லாரி மாடிக்கு நேர் கீழே ஒரு நிமிஷம் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தான். பிறகு வண்டி கிளம்பிவிட்டது.

தீனதயாளனின் கண்கள் கலங்கின. அன்றைய மனப்பதிவு ஆறு பக்கம்.

லாரி ஷெட்டை விட்டு நகரவே இல்லை என்றார் அதன் சொந்தக்காரரான அரிசி ஆலை முதலாளி. மரம் வெட்டும்போது விழுந்து கால் ஒடிந்தது என்று கொளஞ்சியப்பன் மேலேயே வழக்கு வந்தது. மறியலில் இருந்தவர்களின் சாட்சி 'செல்லாது'. மிஞ்சிய ஒரே 'நடுநிலையாளர்' தீனதயாளன்தான்.

கொளஞ்சியப்பனின் மனைவி சாலம்மாள் அவர் வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க மாடி மேல நின்னுக்கினு இருந்தீங்களாமே சார். நம்பர மட்டும் சொல்லிடுங்க. இல்லாங்காட்டி கால் போன மனுசன உள்ள வெச்சிடுவாங்க."

"கவலப்படாதம்மா. பாத்தத ஒண்ணு விடாம சொல்றேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

"லாரியப் பாத்தீங்களா?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

"பாத்தனாவா? எதிர்வெயில் முன்கண்ணாடில பட்டு தங்கமா உருகுது சார். பின்னால கல்வராயன் மலை, அப்டியே நீலம். மூட்ட கிழிஞ்சி நெல்லு மஞ்சளா கொட்டிக்கினே வருது..."

"நம்பர்?"

"அது அவுட் ஆஃப் ஃபோகஸ் சார்."

"டிரைவர் முகம்?"

"பாதி நிழல். அழகே அதான சார்!"

"வண்டியில மில்லு பேரு ஏதாவது எழுதியிருந்துதா?"

"எழுத்து தெரிஞ்சா ஃபிரேம் கெட்டுடும் சார். வேணும்னே அந்தப் பக்கம் பாக்கல."

அதிகாரி, 'சாட்சி குறிப்பிடத்தக்க எதையும் பார்க்கவில்லை' என்று எழுதிப் பேனாவை மூடினார். ஆலை முதலாளியின் வக்கீல் எழுந்து வந்து கைகுலுக்கினார். "இப்படி ஒரு ரசிகர் நம்ம ஊர்ல இருக்கறது நமக்கெல்லாம் பெரும சார்!" தீனதயாளனுக்கு உடம்பு புல்லரித்தது.

வெளியே படிக்கட்டில் சாலம்மாள் காத்திருந்தாள். அவள் அழவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். சக்கரத்துக்கு அடியில கெடந்துக்கினு எங்க வூட்டுக்காரரு என்னுமோ கத்துனாரே, அது உங்க காதுல வுழுந்துதா?"

தீனதயாளன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"சத்தத்த நான் கவனிக்கலம்மா. இன்னா கத்துனாரு?"

"உங்களத்தான் சார் கூப்ட்டாரு. 'தீனதயாளன் சார், நம்பர பாத்து வெச்சிக்குங்க'ன்னு."