பாப்பாவின் அறையில் பூஞ்சை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும், குறிப்பாக எங்கள் பெண் பாப்பாவின் மூச்சும், சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். பூஞ்சை முழுக்கப் போகிற வரை அவளை எங்கள் வீட்டில் தங்க விடமாட்டேன் என்று நீங்கள் போனில் சொன்னதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. போனை வைத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணமாகிப் போனதிலிருந்து பாப்பா எப்போது வந்தாலும், தன் அறைக்குள் கால் வைத்ததும் கண் கலங்கும், மூக்கு சிவக்கும், தொண்டை அடைத்துப் பேச்சு வராது. பெத்த மனசு என்ன நினைக்கும், நீங்களே சொல்லுங்கள். பாசம் என்றால் இதுதான் என்று கதவோரம் நின்று பூரித்துப் போவேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியதும் உண்டு. போன தடவை இழுப்பே வந்து, நீங்கள் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய், எது ஒத்துக்கவில்லை என்று கையில் வரிசையாக ஊசியால் குத்திப் பார்த்ததில் பூஞ்சைக்குக் குத்தின இடம் மட்டும் கொசு கடிச்ச மாதிரி தடிச்சுது. பாசத்துக்கு டெஸ்ட் கிடையாதாம், கேட்டேன்.

டாக்டரம்மா சொன்னபடி, பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத தூளா காத்துல பறக்குமாம், ஒத்துக்காதவங்க மூச்சுல போனா தும்மல், இழுப்பு எல்லாம் வருமாம், ஈரமும் அடைஞ்ச காத்தும் இருந்தா அது பிள்ளைகுட்டியோட குடும்பம் நடத்துமாம். அப்பதான் எனக்கு உறைச்சுது. பாப்பா போன பிறகு ரூம் அப்படியே இருக்கணும்னு ஜன்னலை இறுக்கிச் சாத்தி, தூசி படியாம தினமும் ஈரத்துணியால துடைச்சது நான்தான். தானியக் கிடங்குல வேலை பார்த்து ஆயுசு முழுக்க ஒரு மூட்டைகூட நனையாம காத்தவன், வீட்டுக்குள்ள பயிர் வச்சுத் தண்ணி ஊத்தியிருக்கேன். உங்க அத்தை அப்பவே, "ஏதோ வாடை வருதுங்க"ன்னா. "அது நம்ம பொண்ணு வாசனைடி"ன்னு அவ வாயை அடைச்சேன்.

அலமாரியை நகர்த்தப் பெயிண்டரைக் கூப்பிட்டேன். பின்னால சுவர் முழுக்கக் கறுப்பு, அந்தப் பக்கத்து பாத்ரூம் குழாய் ஒழுகி ஊறியிருக்கு. "சார், மாஸ்க் போட்டுக்கிட்டு, லேசா நனைச்சுத்தான் சுரண்டணும்"னு பெயிண்டர் சொல்லி முடிக்கறதுக்குள்ள, நான் காஞ்ச துடைப்பத்தால ஒரு தேய் தேய்ச்சேன். அவ்வளவுதான், தூள் கிளம்பி, உங்க அத்தை தும்ம ஆரம்பிச்சவ நிறுத்தவே இல்ல, என்னைத் திட்ட மட்டும் நடுநடுவுல இடைவெளி விட்டா. பிளம்பர் வந்து குழாயை மாத்தினாரு. இறுகிப்போன ஜன்னலை நானே திறக்கறேன்னு இழுத்ததுல அது சட்டத்தோட கையில வந்துடுச்சு, இப்ப காத்தோட்டத்துக்குக் குறைவே இல்ல. மெத்தை, தலகாணி, திரை எல்லாம் வெளியே போயாச்சு. புதுசா பூசின சுவர் காஞ்சுதான்னு தினமும் கன்னத்தை வச்சுப் பார்க்கறேன். பொட்டு ஈரம் இல்ல. உங்க அத்தையோட தும்மலுக்கு டாக்டர்கிட்ட போன கையோட எனக்கும் அந்த ஊசி டெஸ்ட் எடுத்தாங்க, ஒண்ணுமே தடிக்கல.

ஒண்ணு சொல்லணும் மாப்பிள்ளை. இனிமே பாப்பா காஞ்ச கண்ணோடதான் உள்ள வருவா. அதுதான் நல்லதுன்னு புத்திக்குத் தெரியுது, மனசுதான் கொஞ்சம் அடம் பிடிக்குது. பரவாயில்ல, எம் பொண்ணு நல்லா மூச்சு விட்டா எனக்குப் போதும். தயவுசெஞ்சு அனுப்பி வைங்க.

இருவரும் நீண்ட ஆயுளும் தடையற்ற சுவாசமும் பெற்று வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள பாப்பா பெட்டியோட வந்து இறங்கிட்டா. நீங்கதான் அனுப்பினீங்களாம், சுவர் காஞ்சதை உங்க அத்தை முன்னாடியே போன்ல சொல்லிட்டாளாம், எனக்குத்தான் யாரும் சொல்லல. நேரா ரூமுக்குப் போய், ஓட்டையா நிக்கிற ஜன்னலைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா, என் கன்னத்துல ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துடைச்சுவிட்டா. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "ஐயோ, இன்னும் போகல, வெளிய வாம்மா"ன்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். "மூச்சு நல்லாத்தான்பா இருக்கு, சும்மா இருங்க"ன்னா. எனக்கும் மூக்கு ஒழுகுது. அந்த டெஸ்ட்டை எனக்கு மறுபடி எடுக்கச் சொல்லணும்.