அவள் கேட்டதும் நான் கேட்டதும்

ஒட்டுக்கேட்பது என்று முடிவெடுத்தேன்.

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் சொந்தமாக எடுத்த இரண்டாவது முடிவு இது. முதல் முடிவு, மீசை வைப்பது. நான் முடிவை எடுத்தேன். அவள் மீசையை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

எதை ஒட்டுக்கேட்பது? என் மனைவியின் பிரார்த்தனையை.

அவசரப்பட்டு என்னைத் திட்டாதீர்கள். என் நிலைமையைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

கையில் வைத்துக்கொண்டு வீடியோ கேம் விளையாடுவார்களே, அந்தக் கருவி செய்கிற கம்பெனியில் நான் பட்டன் பிரிவுக்குத் தலைவன். ஓர் இயந்திர விரல் ஒரே பட்டனைப் பத்து லட்சம் தடவை அழுத்தும். தாங்குகிறதா என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். தாங்கும். அந்தப் பட்டனின் மனசு எனக்குப் புரியும்.

"ஊருக்கெல்லாம் பட்டன் செய்யறீங்க. உங்க சட்டையில மூணாவது பட்டனைக் காணோம்" என்பாள் மனைவி. சொல்லிவிட்டு, நான் சட்டையைக் கழற்றுவதற்குள் அவளே தைத்தும் விடுவாள். ஊசி நெஞ்சுக்கு நேராக இருக்கும்போது நான் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை.

எங்களுக்கு எதிரியாக இன்னொரு கம்பெனி இருக்கிறது. நாங்கள் திரையை ஒரு விரல் பெரிதாக்கினால் அவர்கள் ஒன்றரை விரல் பெரிதாக்குவார்கள். அவர்கள் எடையைக் குறைத்தால் நாங்களும் குறைப்போம். இத்தனை வருடப் போட்டியில் எடை கூடியது என் மைத்துனனுக்கு மட்டும்தான்.

அவனைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே. என் மனைவியின் கூடப் பிறந்த தம்பி. எங்கள் மாடியில் குடியிருக்கிறான். தனி ஆள். மூன்று வேளையும் கீழேதான் சாப்பாடு. வேலை எங்கே என்கிறீர்கள்? எதிரிக் கம்பெனியில். பேட்டரிப் பிரிவு.

ஆபீஸ் விஷயத்தை வெளியே சொல்லமாட்டோம் என்று இரண்டு பேரும் அவரவர் கம்பெனியில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதனால் சாப்பாட்டு மேஜையில் வெயிலைப் பற்றி மட்டும்தான் பேசுவோம்.

"இன்னிக்கு வெயில் அதிகம் இல்ல, மாப்ளே?"

"அதிகம்தான் அத்தான்."

"எத்தனை மணி நேரம் தாங்கும்?"

"எது?"

"வெயில்தான்!"

"அது ஆளைப் பொறுத்து அத்தான். அழுத்தி அழுத்திப் பார்த்தா தெரியும்."

என் மனைவி இரண்டு பேர் தட்டிலும் முட்டையை வைத்துவிட்டு, "வெயில் இருக்கட்டும், ஆறிடும், சாப்பிடுங்க" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் பதினாலாம் தேதி வந்து விழுந்தது.

எங்கள் புதிய கருவியைப் பதினாலாம் தேதி கடைகளுக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது. எதிரிக் கம்பெனியும் புதுசாக ஒன்றை அந்த வாக்கில்தான் விடப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அன்று நான் ஆபீஸை விட்டு அசைய முடியாது. அதே காரணத்தால் மைத்துனனும் அசைய முடியாது.

அந்த நேரம் பார்த்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மனைவி போனைக் காதிலிருந்து எடுத்தாள். கண் இரண்டும் மின்னின.

"என்னங்க! பொண்ணு பேசினா. பதினாலாம் தேதி அவ கப்பல் நம்ம துறைமுகத்துக்கு வருதாம். காலையில ஆறு மணிக்கு வந்து சாயந்திரம் அஞ்சு மணிக்குக் கிளம்பிடுமாம்."

எங்கள் மகள் சரக்குக் கப்பலில் என்ஜின் பார்க்கிறாள். மூன்று வருடமாகப் போனில்தான் முகம். அதிலும் அலை அடித்தால் முகம் உறைந்து நின்றுவிடும், பாதி சிரிப்போடு.

"பதினாலா?" என்றேன்.

"பதினாலுதான். ஏன் முகம் இப்படிப் போகுது?"

சொன்னேன். காரணத்தை விட்டுவிட்டு, அன்று ஆபீஸை விட்டு அசைய முடியாது என்று மட்டும்.

"ஒரு நாள் லீவு கேட்டா குடுக்கமாட்டாங்களா?"

"யார்கிட்ட கேக்கறது? முந்திரிகிட்டயா?"

முந்திரி என்பது எங்கள் மேனேஜர். வாயைத் திறந்தால் 'முந்தணும், முந்தணும்' என்பார். ஆளும் கொஞ்சம் வளைந்திருப்பார். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

"என் தம்பியாவது வருவானா?"

"வெயிலைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றான் மைத்துனன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். சண்டை போடவில்லை, அழவில்லை. "சரி" என்று ஒரு வார்த்தை. நான் பாதி முட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் முந்திரி என்னைக் கூப்பிட்டார்.

"எதிரி எந்தத் தேதியில விடறான்?"

"தெரியாது சார்."

"உன் மச்சினன் அங்கேதானே இருக்கான்? ஒரே வீட்ல இருந்துக்கிட்டு தெரியாதா? அவன் ஒரு தேதின்னா நாம அதுக்கு ஒரு நாள் முந்தணும். போய் விசாரி."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. மைத்துனன் என்னிடம் சொல்லமாட்டான். ஆனால் அக்காவிடம் சொல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராது. அக்கா யாரிடமும் சொல்லமாட்டாள், ஆண்டவன் ஒருவரைத் தவிர. தினமும் சாயந்திரம் ஆறு மணிக்குத் துணி தேய்க்கிற சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் பேசுவாள். பேர், தேதி, வீட்டு எண் எல்லாம் சேர்த்துத்தான் பேசுவாள். கேட்டால், "விவரமா சொன்னாத்தானே அவருக்கு வேலை சுலபம்" என்பாள்.

ஆக, ஒட்டுக்கேட்பது என்று முடிவெடுத்தேன். இப்போது திட்டுவதானால் திட்டலாம்.

அன்று சாயந்திரம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தேன். உள்ளே குரல் கேட்டது.

"ஆண்டவனே, உனக்கும் நாள் முழுக்க வேலை. களைப்பா இருக்கும். சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன். மூணாவது வீட்டம்மாவுக்கு மூட்டுவலி குறையணும். என் பொண்ணு கப்பல் புயல்ல மாட்டாம வரணும். அப்புறம் என் தம்பி ஆபீஸ்ல அந்த விளையாட்டுப் பொட்டியைப் பன்னெண்டாம் தேதியே கடைக்கு அனுப்பிடணும்..."

பன்னெண்டு! எனக்கு மீதி எதற்கு? ஷூவைப் போட்டது போட்டபடி தெருமுனைக்கு ஓடிப் போய் முந்திரிக்குப் போன் போட்டேன்.

"பன்னெண்டா? அப்ப நாம பதினொண்ணு!" என்றார் முந்திரி. "சபாஷ்!"

என் வேலையில் எனக்குக் கிடைத்த முதல் சபாஷ் அது. வீடு திரும்பியபோதுதான் ஒரு காலில்தான் ஷூ இருக்கிறது என்று தெரிந்தது.

அடுத்த மூன்று நாள் ஆபீஸில் சோறு தண்ணீர் இல்லை. பத்து லட்சம் தடவை அழுத்த வேண்டிய பட்டனை ஏழு லட்சத்தோடு விட்டோம். வீட்டுக்கு வந்தால் மைத்துனனும் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாப்ளே, வெயிலா?"

"ஆமா அத்தான். திடீர்னு அதிகமாயிடுச்சு."

மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் துரும்பா இளைச்சிட்டீங்க" என்றாள். மைத்துனனைப் பார்த்து அதைச் சொல்ல ஓர் அக்காவால்தான் முடியும்.

அன்று சாயந்திரம் மறுபடியும் நான், பாலிஷ், கதவு.

"ஆண்டவனே, மூணாவது வீட்டம்மாவுக்கு இன்னும் வலி இருக்கு, மறந்துடாதே. பாவம் என் தம்பி, தூக்கமே இல்ல. அந்தப் பொட்டி பத்தாம் தேதியே போயிடணும்..."

பத்து! ஓடினேன்.

"அப்ப நாம ஒம்போது!" என்று முந்திரி போனிலேயே துள்ளினார். துள்ளியதை எப்படிப் பார்த்தாய் என்று கேட்காதீர்கள். நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது.

ஒன்பதாம் தேதிக்குள் எல்லாம் முடியுமா? முடியவில்லை. பட்டன் மேல் எழுத்து அச்சடிக்க நேரமில்லை. நாலு பட்டனும் மொட்டையாகவே கடைக்குப் போயின. வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

ஒன்பதாம் தேதி காலை கடைத்தெருவுக்குப் போய்ப் பார்த்தால், எங்கள் கருவிக்குப் பக்கத்திலேயே அவர்கள் கருவி! அவர்களும் அதே ஒன்பதாம் தேதி! அவர்களுக்குப் படம் போட்ட அட்டைப்பெட்டி தயாராகவில்லை போலிருக்கிறது. காக்கிக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்கள்.

ஜனங்களைக் கேட்க வேண்டுமா? மொட்டைப் பட்டன்தான் புது நாகரிகம் என்றது ஒரு கூட்டம். காக்கிக் காகிதம்தான் எளிமை என்றது இன்னொரு கூட்டம். இரண்டும் விற்றுத் தீர்ந்தன. பிள்ளைகளின் கட்டைவிரலுக்கு எழுத்தறிவு எதற்கு?

ஆனாலும் முந்திரிக்குத் திருப்தி இல்லை. "பத்துன்னு சொன்னே. ஒம்போதுல வந்து நிக்கறான். ஒரு வாரம் வீட்ல இரு. உன் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தேதி ஞாபகம் வருது."

பதினாலாம் தேதி காலை ஆறு மணி. துறைமுக வாசலில் நான், மனைவி, மைத்துனன். அவனையும் ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்களாம்.

தோளில் பையோடு ஒரு பெண் இரும்புக் கேட்டைத் தாண்டி வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நகத்திலெல்லாம் என்ஜின் எண்ணெய். போனில் பாதியில் உறைந்து நிற்குமே, அந்தச் சிரிப்பின் மீதிப் பாதியை அன்றுதான் பார்த்தேன்.

"அப்பா! நீங்க வரவே மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"உன்னைவிட எனக்கு ஆபீஸா பெரிசு?" என்றேன். கண்ணில் தண்ணீர். கடல் காற்று அப்படி.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். இடுப்பளவு உயரமான என்ஜினைத் தான் ஒரே ஆளாகக் கழற்றிப் பூட்டிய கதையை மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் மைத்துனனுக்கு நாக்கு தளர்ந்துவிட்டது.

"பொட்டிதான் கடைக்குப் போயாச்சே, இனிமே கேட்டா தப்பில்ல. அத்தான், பத்தாம் தேதின்னு வச்சிருந்தீங்களே, ஏன் திடீர்னு ஒம்போதுக்கு மாத்தினீங்க?"

"நாங்க எங்கே பத்து வச்சோம்? நீங்கதான் பத்து!"

"நாங்களா? யார் சொன்னது?"

"உனக்கு யார் சொன்னது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டோம். ஒரே நேரத்தில் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தோம். அவள் மகளுக்கு ரொட்டி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ சாமிகிட்ட பேசும்போது, அத்தான் ஆபீஸ் பொட்டியும் பத்தாம் தேதியே போயிடணும்னு சொன்னியா இல்லியா?"

"அது உனக்கெப்படிடா தெரியும்?"

"வந்து... அந்த ரூமை ஒட்டின மாடிப்படி ஜன்னல்ல செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தேன்."

"அதான் பார்த்தேன், ஒரு வாரமா அந்தச் செடி நீச்சல் அடிக்குதேன்னு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிரார்த்தனையின் முதல் பாதி தம்பிக்கு, இரண்டாம் பாதி எனக்கு. முதல் பாதியைக் கேட்டதும் நான் போனுக்கு ஓடியிருக்கிறேன். இவன் அதற்கப்புறம் வந்து இரண்டாம் பாதியை மட்டும் கேட்டிருக்கிறான்.

"அப்ப நீ சொன்னதெல்லாம் பொய்யா?" என்றேன்.

"பொய்யா? ஆண்டவன்கிட்ட யாராவது பொய் சொல்வாங்களா? நான் எங்கே சொன்னேன்? கேட்டேன்."

"நானும்தான் கேட்டேன்!"

"நான் ஆண்டவன்கிட்ட கேட்டேன். நீங்க கதவுகிட்ட கேட்டீங்க."

மகள் சிரித்த சிரிப்பில் ரொட்டி புரை ஏறியது. நான் விடவில்லை.

"அனுப்பிடணும்னு அடிச்சுச் சொன்னியே! மேலிடத்து உத்தரவுன்னு நெனச்சேன்."

"மூணாவது வீட்டம்மாவுக்கு மூட்டுவலி குறையணும்னுகூடத்தான் சொன்னேன். வலி குறைஞ்சாச்சுன்னு அந்தம்மாகிட்ட போய்ச் சொன்னீங்களா?"

வேண்டுதலைப் போய்ச் செய்தி என்று நினைத்து இரண்டு கம்பெனியைத் தலைகீழாக்கியிருக்கிறோம், இரண்டு பெரிய மனிதர்கள்.

"நாங்க வெளியில இருந்தது உனக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்" என்றாள், மகளின் தலையைத் தடவிக்கொண்டே. "பதினாலாம் தேதி எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்னு கேட்டேன். குடுத்துட்டார். எந்த வழியா குடுத்தார்னு அவரைத்தான் கேக்கணும்."

சாயந்திரம் அஞ்சு மணிக்குக் கப்பல் கிளம்பியது. அது புள்ளியாகும்வரை நின்று கையாட்டினோம். திரும்பும்போது யாரும் பேசவில்லை. வெயிலைப் பற்றிக்கூட.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகத் துணி தேய்க்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இனி ஆயுசுக்கும் அந்தக் கதவுப் பக்கம் காதை வைப்பதில்லை என்று மூன்றாவது முடிவை எடுத்தேன். தற்செயலாக அந்தப் பக்கம் நடந்துபோனேன். அவ்வளவுதான்.

"ஆண்டவனே, என் பொண்ணை நல்லபடியா கொண்டுபோய்ச் சேர்க்கணும். இன்னிக்குக் குடுத்த நாளுக்கு உனக்குக் கோடி நன்றி." மூக்கை உறிஞ்சும் சத்தம். "இன்னொண்ணு. குளியலறைக் குழாய் மூணு நாளா சொட்டுது. அதை யாராவது இன்னிக்கே சரி பண்ணணும்."

இந்தத் தடவை யாரும் என்னை ஏமாற்ற முடியாது. இது செய்தி இல்லை, வேண்டுதல் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான், முழு மனசோடு, ஸ்பானரைத் தேடி எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன்.

குழாய்க்கு அடியில் பாதி நனைந்து படுத்திருந்த மைத்துனன் கையை நீட்டினான்: "நல்லவேளை வந்தீங்க அத்தான், அந்த ஸ்பானரை இப்படிக் குடுங்க."